ஒரு லட்சம் ஸ்ட்ரீம், யாருக்கு எவ்வளவு? ஸ்ட்ரீமிங் ராயல்டியின் கணக்கு

ஸ்ட்ரீமிங் தளத்தில் ஒரு பாடல் ஒருமுறை ஒலித்தால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் எவ்வளவு போகிறது, ஒரு லட்சம் முறை கேட்கப்பட்ட பாடலுக்குக்கூடக் கைக்கு வருவது ஏன் இவ்வளவு சொற்பமாக இருக்கிறது என்பது கேள்வி. பெரும்பாலான பெரிய தளங்களில் ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்ற நிர்ணயித்த விலையே கிடையாது என்பதிலிருந்து பதிலைத் தொடங்க வேண்டும். இணையத்தில் உலவும் "ஒரு ஸ்ட்ரீமுக்கு இத்தனை சென்ட்" அட்டவணைகள் எல்லாம், கொடுக்கப்பட்ட மொத்தத் தொகையை மொத்த ஸ்ட்ரீம்களால் வகுத்துக் கிடைத்த சராசரிகள். ஆப்பிள் மியூசிக் 2021-இல் கலைஞர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஸ்ட்ரீமுக்கு ஒரு சென்ட் கொடுப்பதாகச் சொன்னதும் அப்படிப்பட்ட சராசரியே. அந்தச் சென்ட்டும் உரிமையாளர்கள் அனைவருக்கும் சேர்த்துப் போவது. பாடகரின் கணக்கில் நேராக விழுவதன்று.

உண்மையில் நடப்பது பங்குக் கணக்கு. ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் வந்த சந்தாப் பணத்தையும் விளம்பர வருமானத்தையும் தளம் தனித்தனித் தொகுப்புகளாகச் சேர்க்கிறது. வரிகளும் சில கழிவுகளும் போனபின் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போகிறது, எஞ்சியது தளத்துக்கு. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024-இல் இவ்வகையில் 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாக அறிவித்திருக்கிறது. அந்த மாதம் அந்த நாட்டில் ஓடிய மொத்த ஸ்ட்ரீம்களில் ஒரு பாடல் எத்தனை விழுக்காடு பிடித்திருக்கிறதோ, அத்தனை விழுக்காடு அந்தப் பாடலின் உரிமையாளர்களுக்கு உரியது. முழுச் சந்தா, குடும்பச் சந்தா, மாணவர் சந்தா, விளம்பரத்தோடு கூடிய இலவசச் சேவை என ஒவ்வொன்றின் வருமானமும் வேறு வேறு என்பதால், ஒரே பாடலுக்கு ஒரே மாதத்தில் பத்து வகை "விலை" ராயல்டி அறிக்கையில் தெரிவது இயல்பு. அறிக்கையைத் திறந்து பார்த்தவர்கள், ஒரு வரியில் 0.008 டாலர் என்றும் அடுத்த வரியில் 0.0004 டாலர் என்றும் இருப்பதைக் கண்டு ஏமாற்றுவேலை என்று நினைப்பதுண்டு. பெரும்பாலும் முதலாவது ஒரு பணக்கார நாட்டின் முழுச் சந்தாவாகவும், இரண்டாவது வேறொரு நாட்டின் இலவசச் சேவையாகவும் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் தளத்துக்கு 10,00,000 டாலர் வருகிறது என்றும், அம்மாதம் அங்கே 20 கோடி ஸ்ட்ரீம்கள் ஓடின என்றும் வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவு உரிமையாளர்களுக்கு 52 விழுக்காடும், பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமையாளர்களானவர்களுக்கு 15 விழுக்காடும் போகின்றன. இவை நடைமுறையிலுள்ள அளவுகளுக்கு அருகிலானவை. உங்கள் பாடல் 1,00,000 முறை கேட்கப்பட்டிருந்தால் அது மொத்தத்தில் 0.05 விழுக்காடு. ஆகவே ஒலிப்பதிவுக்கு 260 டாலரும், எழுத்துக்கும் இசையமைப்புக்கும் சேர்த்து 75 டாலரும் சேரும். அடுத்த மாதம் சந்தாதாரர் எண்ணிக்கை அப்படியே இருக்க, மக்கள் கூடுதலாகக் கேட்டதால் மொத்த ஸ்ட்ரீம் 25 கோடியாகிறது என்றால், உங்கள் பாடல் அதே ஒரு லட்சத்தில் நின்றாலும் 260 என்பது 208 ஆகிவிடும், 75 என்பது 60 ஆகிவிடும். உங்கள் ரசிகர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. பிறருடைய பாடல்கள் அதிகம் கேட்கப்பட்டன, அவ்வளவே. ஒரு ஸ்ட்ரீமின் மதிப்பு ஏன் மாதாமாதம் மாறுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

இந்தக் கணக்கில் 260, 75 என்று இரண்டு தொகைகள் ஏன் வந்தன என்பதுதான் இத்துறையில் நுழைபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு பதிப்புரிமைகள் உள்ளன. ஒன்று, வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கான உரிமை. இது தொடக்கத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது, பிறகு பெரும்பாலும், அந்த உரிமையை நிர்வகித்துப் பணம் வசூலித்துத் தரும் இசைப் பதிப்பு நிறுவனம் ஒன்றின் பங்கும் அதில் சேர்கிறது. மற்றொன்று, அந்தப் படைப்பை ஒருவர் பாடிப் பதிவு செய்த குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கான உரிமை. மாஸ்டர் என்று தொழிலில் சொல்லப்படும் இது, பதிவுக்குச் செலவழித்த ஆடியோ நிறுவனத்திடமோ, சொந்தச் செலவில் பதிவு செய்த கலைஞரிடமோ இருக்கும். ஒரே மெட்டை நாற்பது பேர் பாடிப் பதிந்தால் படைப்பு ஒன்று, ஒலிப்பதிவுகள் நாற்பது. டெய்லர் ஸ்விஃப்ட் தம் பழைய ஆல்பங்களை 2021 முதல் மறுபடி பதிவு செய்து வெளியிட முடிந்தது இந்த வேறுபாட்டால்தான். பழைய மாஸ்டர்கள் 2019-இல் வேறொருவர் கைக்குப் போய்விட்டாலும் பாடல்களை எழுதியவர் என்ற உரிமை அவரிடமே இருந்தது. புதிய பதிவுகளின் மாஸ்டரும் அவருடையதானது. 2025-இல் பழைய மாஸ்டர்களையும் அவர் விலைக்கு வாங்கிவிட்டார்.

முதலில் அந்த 260 டாலரைப் பின்தொடர்வோம். பாடகர் யாருடனும் ஒப்பந்தம் இல்லாமல் தாமே பதிவு செய்து, டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத் தளங்களில் ஏற்றியிருந்தால், அந்நிறுவனத்தின் கட்டணம் போக ஏறக்குறைய முழுத்தொகையும் அவருக்கே. சில நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தைத் தொடுவதில்லை. சில, வருமானத்தில் ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் பாடல் தளத்திலிருந்து இறக்கப்படும் வாய்ப்பும் உண்டு என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆடியோ நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தால் கணக்கு அடியோடு மாறும். கலைஞரின் பங்கு 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 260 டாலரில் அவருக்கு 52. அதுவும் உடனே கைக்கு வராது. நிறுவனம் கொடுத்த முன்பணமும், ஒப்பந்தப்படி கலைஞர் தலையில் எழுதப்பட்ட பதிவுச் செலவு, காணொளிச் செலவின் ஒரு பகுதி முதலியனவும் கழிந்தாக வேண்டும். இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடன் கழிவது கலைஞரின் 52 டாலரிலிருந்து மட்டுமே. நிறுவனத்துக்குப் போகும் 208 டாலர் அந்தக் கடனைத் தீர்ப்பதில் சேராது. 5,000 டாலர் முன்பணம் வாங்கிய ஒருவரின் கணக்கு நேராவதற்கு அவருடைய ஒலிப்பதிவுகள் 25,000 டாலர் ஈட்ட வேண்டும், அதுவரை அறிக்கையில் எண்கள் ஓடுமே தவிர வங்கியில் ஒன்றும் விழாது. பல ஆண்டுகள் அறிக்கை மட்டும் வந்துகொண்டிருந்த மூத்த கலைஞர்களின் குறை உலகெங்கும் எழுந்த பிறகு, சோனி மியூசிக் 2021-இல், 2000-க்கு முன் ஒப்பந்தமாகித் தகுதிபெறும் கலைஞர்களின் தீராத பழைய பாக்கியைப் பொருட்படுத்தாமல் ராயல்டி வழங்கப்போவதாக அறிவித்தது. மற்ற இரு பெரும் நிறுவனங்களான வார்னரும் யுனிவர்சலும் 2022-இல் ஏறக்குறைய அதே வழிக்கு வந்தன. நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை: பத்துப் பேருக்குக் கொடுத்த முன்பணத்தில் பெரும்பாலானவை திரும்பி வருவதில்லை, கடன் தீராவிட்டாலும் கலைஞர் கையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியதில்லை. ஆனால், அச்சிட்டு, பெட்டியில் அடுக்கி, கடைகளுக்கு அனுப்பி, உடைந்ததைத் திரும்பப் பெற்ற காலத்தில் வகுக்கப்பட்ட விழுக்காடுகள், அந்தச் செலவு எதுவும் இல்லாத ஸ்ட்ரீமிங்குக்கும் அப்படியே தொடர்வதற்கு நல்ல காரணம் எனக்குத் தெரிந்து யாரும் சொல்லவில்லை.

வயலின் வாசித்தவர், கோரஸ் பாடியவர், தாளம் வாசித்தவர் ஆகியோருக்கு இதில் என்ன கிடைக்கும் என்றால், பெரும்பாலான நாடுகளில் ஒலிப்பதிவு நாளன்று வாங்கிய சம்பளத்தோடு சரி. ஒப்பந்தத்தில் பங்கு எழுதப்பட்டிருந்தாலொழிய, நாம் விரும்பிய பாடலைத் தேர்ந்து கேட்கும் வகை ஸ்ட்ரீமிங்கில் அவர்களுக்குத் தனி வருமானம் இல்லை. ஸ்பெயின் இதற்கு ஒரு விலக்கு. அங்கே ஒப்பந்தத்தால் பறிக்க முடியாத ஓர் ஊதிய உரிமையைக் கலைஞர்களுக்குச் சட்டமே தந்து, அதை அவர்களுடைய சங்கத்தின் வழியாகத் தளங்களிடமிருந்து வசூலிக்கிறது. அமெரிக்காவில், கேட்பவர் பாடலைத் தேர்ந்தெடுக்க முடியாத இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் மட்டும் வேறு விதி உண்டு: சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, 50 விழுக்காட்டை மாஸ்டர் உரிமையாளருக்கும், 45 விழுக்காட்டை முதன்மைக் கலைஞருக்கும், 5 விழுக்காட்டைப் பின்னணியில் வாசித்தவர்கள், பாடியவர்களுக்கான நிதிக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கலைஞரின் 45 அவர் கைக்கே நேராகப் போவதால் முன்பணக் கடன் அதைத் தொடாது. அந்த அமைப்பில் பதிவு செய்துகொள்ளாதவருக்குப் பணம் போய்ச் சேர வழியில்லை.

இனி அந்த 75 டாலர். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சரிபாதி என்று ஒப்புக்கொண்டிருந்தால் ஆளுக்கு 37.50. பதிப்பு நிறுவனம் 20 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் எடுத்தால் கையில் நிற்பது 30. ஆனால் இந்தத் தொகை ஒரே வழியில் வருவதில்லை என்பதுதான் சிக்கல். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாடல் ஒலிக்கும்போது அது பொதுமக்களுக்கு நிகழ்த்தப்படுவதாகவும், கூடவே பிரதி எடுக்கப்படுவதாகவும் சட்டம் பார்க்கிறது. முதலாவதற்கான நிகழ்த்துரிமை ராயல்டியை அமெரிக்காவில் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற சங்கங்களும், பிரிட்டனில் பிஆர்எஸ்ஸும், பிரான்சில் சாசெமும் வசூலிக்கின்றன. இரண்டாவதற்கு மெக்கானிக்கல் ராயல்டி என்று பெயர். இசைத்தட்டுக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பெயர் அது. பல நாடுகளில் இரண்டையும் ஒரே சங்கமோ இணைந்த சங்கங்களோ வசூலித்துக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் அப்படியில்லை. 2018-இல் இயற்றப்பட்ட இசை நவீனமயமாக்கல் சட்டத்தின்படி அமைந்த எம்எல்சி என்ற அமைப்பு 2021 ஜனவரி முதல் அங்கே ஸ்ட்ரீமிங்குக்கான மெக்கானிக்கல் ராயல்டியைத் தனியாக வசூலிக்கிறது. நிகழ்த்துரிமைச் சங்கத்தில் உறுப்பினரானதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிற எழுத்தாளருக்கு (பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் சேர்த்தே இப்படிச் சொல்கிறேன்) அமெரிக்க மெக்கானிக்கல் பணம் ஒரு காசும் வராது.

படைப்புக்கான பங்கு ஒலிப்பதிவுக்கான பங்கைவிட ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது: பதிவுக்கும் விளம்பரத்துக்கும் முதல் போட்டவர் ஆடியோ நிறுவனம், ஆகவே பெரும்பங்கு அவர்களுக்கு என்ற வழக்கம் முன்பே நிலைத்துவிட்டது. மேலும், ஆடியோ நிறுவனங்கள் தளங்களோடு தாமே பேரம் பேசுகின்றன, எழுத்தாளர்களின் விகிதமோ அமெரிக்காவில் மூன்று நீதிபதிகள் கொண்ட பதிப்புரிமை ராயல்டி வாரியத்தின் வழியாக நிர்ணயமாகிறது. 2023 முதல் 2027 வரையான காலத்துக்கு அந்த முதன்மை விகிதம் தளத்தின் வருமானத்தில் 15.1 விழுக்காட்டில் தொடங்கி 15.35-இல் முடிகிறது. நிகழ்த்துரிமைக்குக் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சமே மெக்கானிக்கலாக வரும். 2024-இல் ஸ்பாட்டிஃபை தன் சந்தாவை இசையும் ஒலிப்புத்தகமும் சேர்ந்த தொகுப்பு என்று வகைப்படுத்தியபோது, தொகுப்புகளுக்கான குறைந்த கணக்கீட்டால் எழுத்தாளர்களின் மெக்கானிக்கல் வருமானம் சரிந்தது. எம்எல்சி வழக்குத் தொடுத்தது, 2025 ஜனவரியில் கீழமை நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேடைக் கச்சேரி, ரசிகர் சட்டை விற்பனை எதுவும் இல்லாமல் எழுதுவதை மட்டுமே தொழிலாகக் கொண்டவரை இந்த வகைப்படுத்தல் ஒன்றே எவ்வளவு பாதிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்ட்ரீமிங் காலத்தில் மிகவும் நலிந்தவர் பாடகரா எழுத்தாளரா என்று என்னைக் கேட்டால், தயங்காமல் எழுத்தாளர் என்பேன்.

அவருக்கு வழக்கமும் சட்டமும் தரும் சில காப்புகளும் உண்டு. பல நாடுகளில் நிகழ்த்துரிமைச் சங்கங்கள் நிகழ்த்துரிமைத் தொகையில் எழுத்தாளருக்குரிய பாதியைப் பதிப்பு நிறுவனத்தின் வழியாக அனுப்பாமல் அவருக்கே நேராகக் கொடுக்கும் வழக்கம் உள்ளது. ஆகவே முன்பணக் கடன் இருந்தாலும் அந்தப் பாதி வந்துகொண்டே இருக்கும். இந்தியாவில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், திரைப்படத்துக்காக உருவாக்கிய பாடலானாலும், திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது நீங்கலான மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் சரிபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எந்த ஒப்பந்தத்தாலும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்கிறது.

எல்லா ஸ்ட்ரீமும் கணக்கில் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடியாவது கேட்கப்பட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024 தொடக்கத்திலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமை எட்டாத ஒலிப்பதிவுகளுக்கு அங்கே மாஸ்டர் பங்கு கணக்கிடப்படுவதில்லை. அந்தச் சில்லறைத் தொகை மற்றப் பாடல்களுக்குப் பிரிந்துவிடுகிறது. அத்தகைய பாடல் ஒன்றுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது சில சென்ட்கள்தாம், அதுவும் விநியோகஸ்தரின் குறைந்தபட்சப் பட்டுவாடா வரம்பைத் தாண்டாமல் தேங்கி நின்றது என்பது தளத்தின் வாதம்; சரியான வாதம்தான் என்றாலும், புதிதாக வருபவருக்கு அது கசக்கத்தான் செய்யும். காசு கொடுத்து ஸ்ட்ரீம் எண்ணிக்கையைக் கூட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் போவதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. போலி ஸ்ட்ரீம் என்று கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ராயல்டி நிறுத்தப்படும், விநியோகஸ்தருக்கு அபராதம் விழும், அவர் உங்கள் பாடல்களையே இறக்கிவிடலாம்.

ரசிகர் கொடுக்கும் சந்தா அவர் கேட்ட பாடல்களுக்கே போகட்டும் என்ற மாற்றுமுறையும் பேசப்படுகிறது. சவுண்ட்கிளவுட் 2021-இல் இதைத் தன் தளத்தில் கொண்டுவந்தது. டீசர் 2023-இல் பிரான்சில் வேறொரு வழியை எடுத்தது: மாதத்துக்கு 1,000 ஸ்ட்ரீமும் 500 தனித்தனிக் கேட்பாளர்களும் உள்ள கலைஞர்களின் ஸ்ட்ரீமுக்கு இரட்டை மதிப்பு, மழைச் சத்தம் போன்ற வெற்றொலிகளுக்குப் பங்கிடும் பணத்தொகுப்பில் இடமில்லை. கேட்க நியாயமாகத் தோன்றினாலும், ரசிகர் சந்தா முறையால் சிறிய கலைஞர்களின் நிலை தலைகீழாக மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொகுப்பின் மொத்த அளவு மாறாதவரை, பங்கிடும் விதத்தை மாற்றுவதால் மிகச் சிறியவர்களுக்குக் கூடுவது சொற்பமே.

ஆகவே கேள்வி கேட்டவர் தம் கையிலிருக்கும் விஷயங்களில் கவனம் செலுத்துவதே பலன் தரும். பாட்டு முடிந்த அன்றே, வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பாட்டு பிரபலமான பிறகு எழுத உட்கார்ந்தால் எல்லாருடைய பங்கையும் கூட்டினால் 130 விழுக்காடு வரும், அந்தத் தகராறு தீரும்வரை சங்கங்கள் பணத்தை நிறுத்திவைக்கும். ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்தெண் குறியீட்டை விநியோகஸ்தர் தந்துவிடுவார். ஆனால் அவர் மாஸ்டர் பங்கை மட்டுமே கவனிப்பவர், படைப்பைப் பதிவு செய்வது பெரும்பாலும் அவர் வேலையன்று. படைப்புக்கான ஐஎஸ்டபிள்யூசி எண் சங்கத்தில் பதிவு செய்தால்தான் வரும். இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று இணைக்கப்படாத பாடல் எத்தனை கோடி முறை ஓடினாலும், எழுத்தாளர் பங்கு யாருடையது என்று தெரியாமல் தேங்கும். பாடகர் பெயர் ஒரு தளத்தில் ஓர் எழுத்துக்கோவையிலும் இன்னொன்றில் வேறொன்றிலும் இருந்தாலும் இதே கதிதான்.

அப்படித் தேங்கிய பணம் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு கிடைத்திருக்கிறது. எம்எல்சி செயல்படத் தொடங்கியதும், 2021 பிப்ரவரியில் தளங்கள் அதனிடம் ஒப்படைத்த, உரியவர் அடையாளம் தெரியாத பழைய மெக்கானிக்கல் ராயல்டி ஏறத்தாழ 42.4 கோடி டாலர். அமெரிக்கா என்ற ஒரே நாட்டில், ஒரே வகை உரிமைக்கு மட்டும் சேர்ந்த தொகை இது. எம்எல்சியின் பதிவேட்டை உறுப்பினராகாமலேயே எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பாடலின் பெயரை இட்டால், அதற்கு எழுத்தாளர்களாக யார் பெயர் இருக்கிறது, எத்தனை விழுக்காடு இன்னும் உரிமை கோரப்படாமல் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.